கோணிப் போகிற பந்துக்கும் இடம் விடுங்கள்

திருநெல்வேலிப் பக்கத்தில் கோல்ஃப் பழகுகிறவருக்கு மட்டை கிடைத்துவிடும், பந்து கிடைத்துவிடும், ஸ்விங் சொல்லித்தரும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. ஆடப் போகிற மைதானம்தான் தூரம். நாகர்கோவில் வழியாகப் போனால் திருவனந்தபுரம் கவடியாரில் 9 ஹோல், அதாவது 9 குழி மைதானம் இருக்கிறது. மதுரை தாண்டி வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் கொடைக்கானலில் 1895-ல் தொடங்கிய கிளப்பின் 18 ஹோல் மைதானம் இருக்கிறது. இரண்டுக்கும் விடியுமுன் கிளம்ப வேண்டும். வெளியாட்களுக்கு என்றைக்கு அனுமதி, என்ன கட்டணம், காலர் வைத்த சட்டை கட்டாயமா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டு போக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு ஒரு ரவுண்ட் ஆடப் போகிறவர் முதல் டீயில் (ஹோலின் தொடக்க இடத்தில்) டிரைவரை (மிகத் தூரம் அடிக்கும் மட்டை) உருவி, கண்ணை மூடிக்கொண்டு வீசினால் அந்த நாள் பந்து தேடுவதிலேயே போய்விடும்.

புதிதாக ஆடுகிற ஒருவரின் ஸ்கோர் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 117 ஷாட் என்று வைத்துக்கொள்வோம், குறையக் குறையத்தான் நல்லது. பெரும்பாலும் அது இப்படித்தான் வந்திருக்கும்: 13 ஹோலில் ஐந்தும் ஆறுமாக 72. மீதி 5 ஹோலில் ஒன்பது ஒன்பதாக 45. அந்த ஐந்தையும் ஏழு ஏழாக முடித்திருந்தால் கார்டில் 107 நின்றிருக்கும். ஸ்விங்கில் ஒரு மாற்றமும் இல்லாமல் பத்து ஷாட் மிச்சம். ஸ்கோர் ஏறுவது பர்டி (ஹோலுக்கு வகுத்த எண்ணிக்கையைவிட ஒரு ஷாட் குறைவு) போடத் தெரியாததால் அல்ல. ஒரு ஹோலில் ஒரு தப்பு நடந்தபின், அதை ஒரே ஷாட்டில் சரிக்கட்டப் போய் அதன்மேல் இரண்டு தப்பு சேர்வதால்தான் ஏறுகிறது.

அதனால் புதியவருக்கு மைதானத் திட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான். எந்த ஷாட் அடிக்குமுன்னும் "நன்றாகப் பட்டால் எங்கே போகும்" என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், "கோணிப் பட்டால் எங்கே போகும், அங்கிருந்து அடுத்த பந்தை அடிக்க முடியுமா" என்று பார்க்க வேண்டும். கோணிப் பட்டாலும் அடுத்த ஷாட் அடிக்கக்கூடிய இடத்தில் விழுகிற மட்டைதான் அந்த இடத்துக்குச் சரியான மட்டை.

முதலில் உங்கள் தூரம்

"ஏழாம் நம்பர் அயர்னில் 150 கெஜம் போகும்" என்பார்கள். அயர்ன் என்பது இரும்புத் தலை மட்டை, நம்பர் கூடக்கூடத் தூரம் குறையும். எப்போதோ ஒருமுறை, பின்காற்றில், கட்டாந்தரையில் உருண்டு போயிருக்கும். திட்டத்துக்கு உதவுவது பந்து காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் தூரம். அதிலும் பத்தில் ஐந்தாறு முறை வருகிற தூரம்.

இதை அளக்க நம் ஊரைப் போல வசதி வேறெங்கும் இல்லை. பிசானம் அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும். வயல்காரரிடம் கேட்டு, ஆடு மாடும் ஆளும் இல்லாத விடியற்காலையில், காற்று எழும்புமுன் போங்கள். காய்ந்த மண்ணில் நேரே அடித்தால் மட்டையின் அடிப்பாகமும் மணிக்கட்டும் கெடும். ஒரு தேங்காய் நார் மிதியடியைப் போட்டு அதன்மேல் பந்தை வையுங்கள். தாளடியில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது, ஆரஞ்சு நிறப் பந்து வாங்குவது நல்லது. ஒரு மட்டைக்குப் பத்துப் பந்து. பந்து தரையைத் தொடும் இடத்தைத் தள்ளி நிற்கும் நண்பர் பார்த்துச் சொல்லட்டும். சாதாரண உயரம் உள்ளவர் கொஞ்சம் எட்டி வைக்கும் ஒரு நடை ஏறக்குறைய ஒரு கெஜம். டேப் வைத்து 20 கெஜம் அளந்து உங்கள் நடையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

பத்தில் மிக நீண்டு போன இரண்டையும் மிகக் குட்டையாக விழுந்த இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள ஆறின் சராசரியை எழுதுங்கள். அதுதான் அந்த மட்டையின் தூரம். ஆனால் அகலத்தை அளக்கும்போது ஒரு பந்தையும் விடக்கூடாது. இடப்பக்கம் மிகத் தள்ளி விழுந்ததற்கும் வலப்பக்கம் மிகத் தள்ளி விழுந்ததற்கும் இடையே எத்தனை கெஜம் என்று பாருங்கள். புதியவரின் டிரைவருக்கு 60, 70 கெஜ அகலம் வருவது சாதாரணம். ஏழாம் நம்பருக்கு அதில் பாதி வரலாம். இந்த அகல எண்ணைத்தான் யாரும் எழுதுவதில்லை. மைதானத்தில் அதிகம் உதவுவதும் அதுதான்.

பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்களில் புதியவர் பெரும்பாலோருக்கு வலப்பக்கமாக ஸ்லைஸ் ஆகும். அன்றைக்கு மைதானத்தில் நின்று அதைத் திருத்த முயலவே கூடாது. திருத்துவதை வயலில் வைத்துக்கொள்ளுங்கள், மைதானத்தில் அந்த வளைவுக்கு இடம் விட்டு ஆடுங்கள்.

ஒரு ஹோலை முழுசாகப் பார்ப்போம்

370 கெஜ பார் 4 (நாலு ஷாட்டில் முடிக்க வகுத்த ஹோல்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் நெடுக மதில், அதற்கு அப்பால் ஓ.பி. (ஆட்ட எல்லைக்கு வெளியே). இடப்பக்கம் ரஃபும் (உயரமான புல்) நாலைந்து மரங்களும். டீயிலிருந்து 200 கெஜத்தில் தொடங்கி 225 வரை குறுக்கே ஒரு குளம். ஆடுகிறவரின் எண்கள்: டிரைவர் 185, ஹைப்ரிட் (டிரைவருக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட மட்டை) 150, ஏழாம் நம்பர் 120, ஒன்பதாம் நம்பர் 100.

பெரும்பாலோர் டிரைவரைத்தான் எடுப்பார்கள். 185-தானே போகும், குளம் 200-ல்தானே இருக்கிறது என்று தோன்றும். வெயில் காலத்து ஃபேர்வேயில் (நடுவே குட்டையாக வெட்டிய புல்தரை) டிரைவர் பந்து 20, 30 கெஜம் சாவகாசமாக உருளும். ஆக, நன்றாகப் பட்ட பந்து குளத்துக்குள் போகும், கோணிய பந்து மதிலுக்கு அப்பால் போகும். நன்றாக அடித்தாலும் தண்டனை, கோணினாலும் தண்டனை என்றால் அந்த மட்டையைப் பையிலேயே விட்டுவிட வேண்டும்.

இந்த ஹோலைக் கிரீனிலிருந்து (குழி இருக்கும் மழித்த புல்தரை) பின்னோக்கி எண்ணுங்கள். 100 கெஜத்திலிருந்து ஒன்பதாம் நம்பர் அடிக்க வேண்டும் என்றால் பந்து 270-ல் கிடக்க வேண்டும். அங்கே போக ஏழாம் நம்பர் 120 என்றால் அதற்குமுன் 150-ல் கிடக்க வேண்டும். 150 ஹைப்ரிட்டின் தூரம். ஆக ஹைப்ரிட், ஏழு, ஒன்பது என மூன்று ஷாட்டில் கிரீன், இரண்டு பட் (கிரீனில் பந்தை உருட்டித் தட்டுவது), மொத்தம் ஐந்து. ஹைப்ரிட் பந்து 20 கெஜம் உருண்டாலும் குளத்துக்கு 30 கெஜம் மிச்சம் இருக்கிறது. இரண்டாவது ஷாட்டுக்குக் குளத்தின் அக்கரை 75 கெஜம், ஏழாம் நம்பர் பறப்பது 120. கொஞ்சம் தடித்துப் பட்டாலும் தாண்டும்.

ஐந்து என்பது போகிதானே, பாரைவிட ஒன்று கூடத்தானே என்று மனம் குறைய வேண்டாம். ஹேண்டிகேப் 36 உள்ளவருக்கு 18 ஹோலிலும் ஹோலுக்கு இரண்டு ஸ்ட்ரோக் சலுகை உண்டு. அவருடைய சொந்தக் கணக்கில் இந்த ஹோலின் பார் 6. கார்டில் அச்சிட்டிருக்கும் 4 அவருக்கான எண் அல்ல. ஆட்டம் தொடங்குமுன் பென்சிலால் ஒவ்வொரு ஹோலுக்கும் நேரே உங்கள் பாரை எழுதிக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

டிரைவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லா டீயிலும் அயர்ன் எடுத்தால் நல்லது என்ற அறிவுரை பல இடங்களில் சுற்றுகிறது, அது தப்பு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஆட்டக்காரர்களின் ஷாட்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து அலசியவர். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு வெளியே நடக்கும் ஷாட்களில் இருக்கிறது என்பது அவர் கண்டது. தூரம் பெரிய சொத்து. ஆகவே ஒரு பக்க ஆபத்துக்கும் மறுபக்க ஆபத்துக்கும் இடையே உள்ள வெட்டவெளி உங்கள் டிரைவரின் அகலத்தைவிடப் பெரிதாக இருந்தால் டிரைவரையே எடுங்கள். பந்து ரஃபில் கிடந்தாலும் பரவாயில்லை. வெட்டவெளி அதைவிடச் சிறிதாக இருந்தால் ஹைப்ரிட். நான்காம், ஐந்தாம் நம்பர் அயர்னைப் "பத்திரமான மட்டை" என்று நினைத்து எடுக்காதீர்கள். புதியவருக்குப் பையிலேயே அடிக்கக் கடினமான மட்டைகள் அவைதான்.

டீயில் நிற்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். ஸ்லைஸ் ஆகிறவர் டீயின் வலது ஓரத்தில் பந்தை வைத்து, ஃபேர்வேயின் இடது ஓரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். வளைந்து வர முழு அகலமும் கிடைக்கும். டீயின் எல்லை காட்டும் மார்க்கர்களுக்குப் பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை பந்து வைக்கலாம், தரை மேடுபள்ளமாக இருந்தால் பின்னால் தள்ளி வையுங்கள். டீ மார்க்கர்கள் காட்டும் திசையை நம்பாதீர்கள். புல் வெட்டும்போது இடம் மாற்றி வைப்பார்கள், பல சமயம் அவை மரத்தைப் பார்த்து நிற்கும்.

கேடி (பை தூக்கி வருகிறவர்) கூட வந்தால் "எந்த மட்டை?" என்று கேட்பதைவிட "அண்ணே, இந்த ஹோல்ல எந்தப் பக்கம் போனா திரும்பி வர முடியாது?" என்று கேளுங்கள். அவருக்கு உங்கள் ஸ்விங் தெரியாது, மைதானம் தெரியும்.

மேல்காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் நுழைந்து ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். இந்தக் காற்றில் பழகியவருக்கு ஒரு அனுகூலம் உண்டு. சித்திரையில் அசைவில்லாத காலையில் அளந்த அதே மட்டைகளை, ஆடியில் காற்றுக்கு எதிராகப் பத்துப் பந்து, காற்றோடு பத்துப் பந்து அடித்து அளந்து எழுதிக்கொள்ளலாம்.

தோராயக் கணக்கு இது. எதிர்காற்று மணிக்கு 16 கிலோமீட்டர் என்றால் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். 32 கிலோமீட்டர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. பின்காற்று அதே அளவுக்குக் கொடுக்காது, பாதிதான் கொடுக்கும். ஆக 32 கிலோமீட்டர் எதிர்காற்றில் 120 கெஜம் போக வேண்டுமானால் 150 போகும் ஹைப்ரிட் வேண்டும். அதே காற்று முதுகில் அடித்தால் ஏழாம் நம்பர் 130 சொச்சம் போகும், அவ்வளவுதான்.

எதிர்காற்றில் எல்லோரும் செய்கிற தப்பு பலத்தைக் கூட்டி வீசுவது. வேகமாக அடித்தால் பந்தில் பின்சுழற்சி ஏறும். பின்சுழற்சி ஏறிய பந்து எதிர்காற்றில் மேலே மேலே எழும்பி, ஒரு இடத்தில் நின்று, நேரே கீழே விழும். பக்கச்சுழற்சியும் எதிர்காற்றில் பெரிதாகும். சாதாரண நாளில் 15 கெஜம் வளைகிற ஸ்லைஸ் அன்றைக்கு 30 வளையும். இரண்டு மட்டை பெரிதாக எடுத்து, பிடியில் ஒரு அங்குலம் இறக்கிப் பிடித்து, பந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்காலுக்குப் பக்கமாக வைத்து, முக்கால் ஸ்விங்கில் நிதானமாக முடியுங்கள். பந்து தாழப் போகும், காற்று அதைப் பிடிக்காது.

பின்காற்றில் வேறு தொந்தரவு. பந்து கிரீனில் நிற்காது. கிரீனுக்கு முன்னால் திறந்த தரை இருந்தால் 10, 15 கெஜம் முன்பே விழும்படி அடித்து உருளவிட வேண்டும். முன்னால் பங்கர் (மணல் குழி) இருந்தால் கிரீனின் பின்பாதிக்கு உருண்டு போவதை ஒப்புக்கொண்டு அடிக்க வேண்டும்.

இடமிருந்து வலமாக அடிக்கும் காற்றுதான் ஸ்லைஸ்காரருக்குப் பெரிய எதிரி. இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். அந்தக் காற்றில் வலப்பக்கம் ஓ.பி. இருந்தால் எவ்வளவு அகலமான ஃபேர்வே ஆனாலும் டிரைவரை எடுக்க வேண்டாம்.

காற்றைப் பார்க்கக் காலடிப் புல்லைக் கிள்ளிப் போடுவது போதாது. நீங்கள் நிற்கும் டீ மரங்களின் மறைவில் இருக்கலாம். பந்து போகும் உயரத்தில், கிரீனுக்குப் பின்னால் இருக்கும் மரங்களின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கொடியும் புல்லும் வேறு வேறு திசை காட்டினால் மரத்தலையை நம்புங்கள்.

கொடைக்கானல் போகிறவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு. பந்து நம் ஊரைவிடப் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் தூரம் போகும். 120 போகும் மட்டை 130 போகலாம். ஆனால் காலையில் குளிரும் ஈரமும் இருந்தால் அதில் ஒரு பகுதி கழிந்துவிடும், உருளலும் இராது. முதல் இரண்டு மூன்று ஹோலில் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்தபின் மட்டையை மாற்றுங்கள். அந்த மைதானத்தில் காட்டுமாடு மேயும். பந்து அதன் பக்கத்தில் கிடந்தால் எடுக்கப் போகாதீர்கள். ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனை இல்லாமல் பாதுகாப்பான இடத்தில் டிராப் செய்ய (கையிலிருந்து பந்தைக் கீழே விட்டு ஆட) விதியே அனுமதிக்கிறது.

சிக்கலில் மாட்டியபின்

மரங்களுக்கு நடுவே பந்து. முன்னால் இரண்டு மரத்துக்கு இடையே மூன்று கெஜ இடைவெளி, அதன் வழியே கிரீன் தெரிகிறது. பக்கவாட்டில் எட்டு கெஜ இடைவெளி, ஃபேர்வேக்குப் போகும். இங்கேதான் ஒன்பதும் பத்தும் பிறக்கின்றன. இருபது கெஜத் தூரத்தில் உள்ள மூன்று கெஜ இடைவெளியில் பத்தில் எத்தனை பந்து போகும் என்று வயலில் இரண்டு குச்சி நட்டுப் பாருங்கள். அந்த எண் ஐந்துக்குக் கீழே என்றால் பக்கவாட்டு வழிதான். ஏழாம் நம்பரைத் தாழப் பிடித்து, பட் அடிப்பது போலக் கொஞ்சம் நீளமாகத் தட்டினால் பந்து கிளைகளுக்குக் கீழே ஓடிப் போகும். ஆனால் ஃபேர்வேயைக் கடந்து மறுபக்க ரஃபில் போய் விழுகிற அளவுக்குத் தட்டாதீர்கள், அது அடிக்கடி நடக்கிறது.

விதிகளைத் தெரிந்து வைத்திருப்பதும் திட்டத்தில் சேர்ந்ததுதான். பந்து அடிக்க முடியாத புதரில் கிடந்தால் அதை அடிக்க முடியாத பந்து என்று நீங்களே அறிவிக்கலாம். ஒரு ஸ்ட்ரோக் தண்டனை, இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் முழங்கால் உயரத்திலிருந்து டிராப். முள்ளுக்குள் மூன்று முறை வீசுவதைவிட இது மலிவு. சிவப்புக் கம்பு நட்ட தண்ணீரில் போனால், கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து அதே இரண்டு மட்டை நீளம், ஒரு ஸ்ட்ரோக். மஞ்சள் கம்பு என்றால் அந்தப் பக்கவாட்டுச் சலுகை கிடையாது. கொடிக்கும் எல்லையைக் கடந்த இடத்துக்குமான நேர்கோட்டில் பின்னால் போக வேண்டும், அல்லது முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

ஓ.பி.தான் கொடுமை. ஒரு ஸ்ட்ரோக்கும் போய், தூரமும் போய், டீயிலிருந்து மூன்றாவது ஷாட் அடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நடக்குமுன்பே "புரொவிஷனல் (தற்காலிகப் பந்து) அடிக்கிறேன்" என்று சொல்லி இன்னொரு பந்து அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். 2019 விதிப்படி பந்து தேட மூன்றே நிமிடம். சில மைதானங்களில், பந்து போன இடத்துக்கு நேரே ஃபேர்வே ஓரத்தில் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனையோடு டிராப் செய்யும் உள்ளூர் விதி இருக்கும். ஆட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புரொவிஷனல் அடித்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

பங்கரில் முதல் வேலை வெளியே வருவது. உதடு, அதாவது பங்கரின் விளிம்பு, உயரமாக இருந்தால் கொடியை மறந்து, உதடு தாழ்ந்த பக்கம் பார்த்து அடியுங்கள், பின்பக்கமாக இருந்தாலும் சரி.

கிரீனுக்குப் போகும்போது

கொடியைப் பார்த்து அடிக்கவே வேண்டாம். கிரீனின் நடுவைப் பாருங்கள். கிரீன் ஒன்றின் முன்னோரத்துக்கும் பின்னோரத்துக்கும் இடையே 25, 30 கெஜம் இருக்கலாம், அது இரண்டு மூன்று மட்டை வித்தியாசம். ஆபத்து பெரும்பாலும் முன்னால்தான் இருக்கும்: பங்கர், குளம், மேடு. புதியவரின் தப்புகளும் பெரும்பாலும் குட்டையாகத்தான் விழும். ஆகவே பின்னால் சரிவோ தண்ணீரோ இல்லை என்றால் ஒரு மட்டை பெரிதாக எடுங்கள்.

கிரீனுக்கு வெளியே சில கெஜத்தில், இடையே புல் குட்டையாக இருந்தால் பட்டரையே (பட் அடிக்கும் மட்டை) எடுங்கள். கொஞ்சம் ரஃப் குறுக்கே இருந்தால் எட்டாம் நம்பரில் சின்னச் சிப், பந்து கிரீனில் இறங்கி உருளட்டும். சேண்ட் வெட்ஜால் உயரத் தூக்கிப் போடுவது பங்கர் குறுக்கே நிற்கும்போது மட்டும். ஒரு பங்கருக்கு அக்கரையில் கொடி இருந்தால் அதைத் தாண்டாமல் பக்கவாட்டில் கிரீனின் அகலமான பகுதிக்குப் போகவும் தயங்க வேண்டாம்.

பட்டிங்கில் ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே எட்டு அடியிலிருந்து பாதிதான் போடுகிறார்கள். 30 அடியிலிருந்து நீங்கள் போட வேண்டியதில்லை, மூன்றடிக்குள் விட்டால் போதும். மேட்டிலிருந்து இறங்கும் பட் ஓடிவிடும், ஏறும் பட் நிற்கும். முடிந்தால் குழிக்குக் கீழே பந்தை விடுங்கள். பெர்முடா புல் கிரீனில் புல் சாய்ந்திருக்கும் திசையையும் பாருங்கள். குழிப்பக்கம் பளபளப்பாகத் தெரிந்தால் பந்து புல்லோடு வேகமாக ஓடும், கருத்துத் தெரிந்தால் எதிர்த்து மெதுவாகப் போகும்.

மழைக்காலத்தில் திருவனந்தபுரம் போனால் உருளலை மொத்தமாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பறக்கும் தூரம் மட்டுமே தூரம். பந்து மண்ணில் புதைந்தால் ஃபேர்வேயிலும் ரஃபிலும் தண்டனையில்லாமல் எடுத்து டிராப் செய்யலாம். இடி கேட்டால் மட்டையைப் பையில் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடிக்கு அல்ல. வெயில் நாளில் கடைசி ஹோல்களில் முடிவெடுப்பது தளர்கிறது. மூன்று ஹோலுக்கு ஒருமுறை மோரோ தண்ணீரோ குடித்து, பாதி ஆட்டத்தில் ஒரு கோவில்பட்டிக் கடலைமிட்டாய் சாப்பிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கார்டில் ஸ்கோரோடு மூன்று குறி போடுங்கள்: தண்டனை ஸ்ட்ரோக்குக்கு 'த', சிக்கலிலிருந்து வெளியே வராத ஷாட்டுக்கு 'சி', மூன்று பட்டுக்கு 'மூ'. எந்த எழுத்து அதிகமோ அதை மட்டும் அடுத்த முறை எடுத்துக்கொள்ளுங்கள். 'த' அதிகம், அதிலும் டீயிலிருந்து என்றால் அந்த ஹோல்களுக்கு ஹைப்ரிட். 'சி' அதிகம் என்றால் வயலில் இரண்டு குச்சி. 'மூ' அதிகம் என்றால் கிளம்புவதற்கு முன்தினம் மொட்டை மாடியில் பத்தும் இருபதும் முப்பதும் அடியாகச் சாக்பீஸ் கோடு போட்டு, பந்து கோட்டைத் தாண்டி ஒன்றரை அடிக்குள் நிற்கும்வரை தட்டிப் பாருங்கள். மாடித் தரை கிரீனைவிட வேகமாக ஓடும். ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டால் சரியாக வரும்.